சுருளியின் காதும் என் கட்டைவிரலும்: நாலு மாதக் கணக்கு

ஞாயிற்றுக்கிழமை காலை என் பூனை சுருளி மறுபடியும் கடித்துவிட்டான். கட்டைவிரலுக்குக் கீழே, சதைப்பற்றான இடத்தில், இரண்டு புள்ளி. பதினேழு நாள் கடியே இல்லாமல் ஓட்டியிருந்தேன். இன்னும் நாலு நாள் தாண்டினால் 'பூனை பாஷை பிடிபட்டது' என்று ஒரு பதிவு எழுதுவதாக இருந்தேன், தலைப்புகூட யோசித்தாயிற்று. போயிற்று. சரி, தோற்ற கதையையே எழுதிவிடலாம்.

வீட்டில் இரண்டு பேர். பட்டாணிக்கு ஐந்து வயது, சாம்பல் வரி, மாடிப்படிக்குக் கீழே குட்டியாகக் கிடைத்தவள். அவளிடம் வம்பே இல்லை, பிடிக்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவாள். சுருளி செம்பட்டை, மூன்று வயது, கருத்தடை ஆபரேஷன் செய்தாயிற்று. அவனாகவே வந்து மடியில் ஏறுவான், முன்னங்காலால் மாவு பிசைவான், குர்குர் என்பான், தடவத் தடவக் கண் சொக்குவான், திடீரென்று கடிப்பான். பூனை வளர்ப்பவர்களுக்கு இந்த ரகம் தெரியும். அந்த 'திடீரென்று'தான் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. எதையோ முன்னாலேயே காட்டுகிறான், நான்தான் பார்க்கவில்லை. அது எது? கடிக்கு எத்தனை வினாடி முன்னால் வருகிறது? நாலு மாதமாக இந்த ஒரு கேள்விதான்.

வாலை நிமிர்த்திக்கொண்டு வந்தால் வணக்கம், மல்லாந்து வயிற்றைக் காட்டினால் 'தடவு' என்று அர்த்தமில்லை, இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே, விட்டுவிடுகிறேன். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பார்ப்பதையெல்லாம் எழுதிவைக்க நோட்டு போடும் முன்பே சுருளியை டாக்டரிடம் காட்டி, முதுகு, பல், காது மூன்றிலும் வலி இல்லை என்று உறுதி செய்துகொண்டேன். 2019இல் மான்ட்ரியல் பல்கலைக்கழகக் குழு ஒன்று பூனை முகத்தை வைத்தே வலியை அளக்க ஓர் அளவுகோல் வெளியிட்டது. காது, கண் இடுக்கம், மூக்குவாய்ப் பகுதியின் இறுக்கம், மீசை, தலை நிற்கும் உயரம் என்று ஐந்தைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் போட வேண்டும். பத்துக்கு நாலைத் தொட்டால் வலிக்கு மருந்து கொடுப்பதைப் பற்றி யோசிக்கச் சொல்கிறது. அதில் முதல் அடையாளமே காதுதான். ஆக, வலியை ஒதுக்காமல் காதைப் படிக்கப் போனால் எல்லாம் தப்புக் கணக்காகிவிடும்.

முதல் மாதம் வெறும் கண்ணால் பார்த்து எழுதினேன். பிரயோஜனமில்லை. கடி விழுந்த பிறகு என்ன பார்த்தோம் என்று யோசித்தால் மனசு தானாகக் கதை கட்டுகிறது. 'வால் ஆடியது' என்று பதினோரு இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். எந்த வினாடியில் என்று ஓர் இடத்திலும் இல்லை.

அப்புறம்தான் போனில் ஸ்லோமோஷனுக்கு மாறினேன். வினாடிக்கு 240 படம், ஒரு வினாடி நடந்தது எட்டு வினாடியாக விரியும். ஆனால் இரவில் ட்யூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தால் படம் முழுக்க மினுக் மினுக் என்று துடிக்கிறது. நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், விளக்கு வினாடிக்கு நூறு தடவை மங்கி மங்கி எரிகிறது. நம் கண்ணுக்குத் தெரியாது, 240 படத்துக்குத் தெரிந்துவிடும். போன் பழுது என்று நினைத்து ஒரு வாரம் வீணடித்தேன். இப்போது காலை ஏழிலிருந்து எட்டரை வரை மட்டும், பால்கனிக் கதவைத் திறந்துவிட்டு வெயில் வெளிச்சத்தில் எடுக்கிறேன். போனை நிறுத்த 450 ரூபாய் கொடுத்து வாங்கிய ஸ்டாண்டு மூன்றாம் நாளே ஒரு காலை இழந்து நொண்டியாகிவிட்டது. துவரம்பருப்பு டப்பாவும் ரப்பர் பேண்டும் அதைவிட உறுதி. பணம் போடாதீர்கள்.

வெயிலில் எடுத்ததில் ஒரு லாபம், கண்மணி. இருட்டில் பூனைக் கண்மணி எப்படியும் அகன்றுதான் இருக்கும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நல்ல வெளிச்சத்தில் கோடாக இருக்க வேண்டியது வட்டமாகிறது என்றால் உள்ளே ஏதோ கிளம்பிவிட்டது, பயமோ, விளையாட்டோ, கோபமோ. இதைப் பிறகு சொல்கிறேன், ஞாயிற்றுக்கிழமைக் கதைக்கு வேண்டும்.

இனி காது. பூனை தன் இரண்டு காதையும் தனித்தனியே கிட்டத்தட்ட அரைவட்டத்துக்குத் திருப்பும். அதனால் ஆரம்பத்தில் ஒவ்வொரு அசைவும் எனக்கு அபாயச் சங்காகத் தெரிந்தது. பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தால் காது திரும்பும், மின்விசிறி 'கடக்' என்றால் திரும்பும். காலை ஏழு மணிக்கு எங்கள் தெருவில் எத்தனை குக்கர் என்று இப்போது துல்லியமாகச் சொல்வேன். அந்த வீடியோக்களை அழிக்கும் முன் ஒரு தடவை ஓட்டிப் பார்த்ததில் ஒன்று பிடிபட்டது. சத்தத்துக்குத் திரும்பும்போது பெரும்பாலும் ஒரு காதுதான் போகிறது, உடனே பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது. என் கை பிடிக்காமல் போகும்போது இரண்டும் சேர்ந்து பக்கவாட்டில் சாய்கின்றன, திரும்பி வருவதில்லை.

உருப்படியாகத் தேறியவை 23 வீடியோ. அதில் 19இல் வரிசை ஒன்றேதான். முதலில் காது இரண்டும் பக்கவாட்டில் சாயும். அடுத்து முதுகுத்தோல் அலைபோல ஒருமுறை சிலிர்க்கும். அதற்குப் பிறகுதான் வால் நுனி வெடுக்கென்று துடிக்கும். அப்புறம் தலை திரும்பும், பல். காதிலிருந்து பல் வரை சராசரியாக 2.1 வினாடி. வால் நுனியிலிருந்து பல் வரை 0.6. நான் இத்தனை நாள் வாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்! கண் பார்த்து மூளை சொல்லிக் கை நிற்கவே கால் வினாடி ஆகிறது. மிச்ச நேரத்தில் கையை வெடுக்கென்று இழுத்தால் அது ஓடும் எலி மாதிரிதான் அவனுக்குத் தெரியும், நகமும் சேர்ந்து வரும். கையை அப்படியே நிறுத்தி மெதுவாகத் தூக்க நேரம் வேண்டும் என்றால் காதில்தான் பிடிக்க வேண்டும்.

இதில் ஒரு சிக்கல். மடியில் இருக்கும் பூனைக்கு நான் பின்னால் இருக்கிறேன். புத்தகப் படங்கள் எல்லாம் முகத்துக்கு நேரே வரைந்தவை. முன்னாலிருந்து பார்த்தால் சாய்ந்த காதின் முதுகு தெரியும் என்று போட்டிருக்கிறது, எனக்குத் தெரிவதே எப்போதும் முதுகுதானே? இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்த குறி இதுதான்: பின்னாலிருந்து பார்க்கும்போது காதின் உள்பக்க ரோஸ் நிறம் ஓரத்தில் கீற்றாகத் தெரிய ஆரம்பித்தால் கையை நிறுத்து. பட்டாணிக்கும் பொருந்துகிறது, மாடி வீட்டுப் பூனைக்கும் பொருந்துகிறது. இந்த ரோஸ் கீற்றுக்காக நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

2023இல் வந்த ஓர் ஆய்வில், லாஸ் ஏஞ்சலஸில் உள்ள ஒரு பூனைக் கஃபேயில் 53 பூனைகளைப் படம்பிடித்து, ஒன்றோடொன்று பழகும்போது 276 முகபாவங்கள் காட்டுவதாக எண்ணினார்கள். 276! நான் ஒரு ஜோடிக் காதோடு நாலு மாதம் மல்லுக்கட்டுகிறேன்.

எந்த இடத்தில் தடவினால் காது சாய்கிறது என்பதையும் குறித்து வைத்தேன். பெரும்பாலும் வால் தொடங்கும் இடம். பிரிட்டனில் 2015இல் வெளிவந்த ஆய்விலும் வாலடியைத் தொட்டபோதுதான் பூனைகள் அதிகம் வெறுப்புக் காட்டின. நெற்றிப்பொட்டு, கன்னம், தாடை, இந்த வட்டத்தோடு நிறுத்திக்கொண்டால் நிம்மதி. நாய் வளர்த்த கை எனக்கு, தலையில் ஆரம்பித்தால் வால் வரை போகாமல் நிற்காது.

அம்மாவை மட்டும் சுருளி கடித்ததே இல்லை. என்ன செய்கிறார் என்று ஒரு வாரம் ஒளிந்து பார்த்தேன். கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். அவன் வந்து முழங்காலில் கன்னத்தைத் தேய்ப்பான். இரண்டு விரலால் தாடையில் நாலு தடவு, அவ்வளவுதான், கை மறுபடி கீரைக்குப் போய்விடும். "என்னம்மா, அஞ்சாவது தடவறதே இல்லையே?" என்று கேட்டேன். "அதுவா வந்துச்சு, அதுவா போகட்டும். நீதான் அதைப் புடிச்சு வச்சுக்கிட்டு நோட்டுல எழுதிட்டிருக்க" என்றார். சூரிச்சில் டென்னிஸ் டர்னர் என்ற விலங்கியலாளர் வீடு வீடாகப் பூனைகளைக் கவனித்துச் சொன்னதும் இதேதான், பூனை தானாக ஆரம்பிக்கும் கொஞ்சல்தான் நீண்ட நேரம் நீடிக்கிறது. அம்மாவிடம் சொன்னேன். கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

கண் சிமிட்டும் வித்தையையும் இடையில் முயன்றேன். சசெக்ஸ், போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகங்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வு. கண்ணைப் பாதி மூடி மெதுவாகச் சிமிட்டினால் பூனையும் பதிலுக்குச் சிமிட்டுகிறது, அறிமுகமில்லாதவர் அப்படிச் சிமிட்டிவிட்டுக் கை நீட்டினாலும் பக்கத்தில் வருகிறது என்று பார்த்திருக்கிறார்கள். பட்டாணி மூன்றாம் நாள் பதில் சொன்னாள். சுருளியிடம் பத்து நாள் சிமிட்டினேன், பூனை கண்ணை மூடினால் உலகம் இருண்டுவிடுமா என்பது மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டு நக்கிக்கொள்ளப் போய்விட்டான். அதைக் கிடப்பில் போட்டாயிற்று.

சரி, ஞாயிற்றுக்கிழமை. ஏழே முக்கால். அவனாகத்தான் வந்து பால்கனிக் கதவோரம் உட்கார்ந்தான். தாடையில்தான் தடவினேன். ரோஸ் கீற்று தெரியவில்லை. காது இரண்டும் விறைத்து முன்னால் நின்றன. என் விதிப்படி பச்சை விளக்கு. அஞ்சாவது தடவலில் கடித்தான், இதுவரை பல் பதிந்ததோடு சரி, ரத்தம் வந்தது இதுதான் முதல் தடவை. பருப்பு டப்பாவில் சாய்த்து வைத்த போன் எல்லாவற்றையும் எடுத்திருந்தது. வீடியோவில் பார்த்தால், முழு வெயிலில் கண்மணி கறுப்பு வட்டம். உடம்பு கல். குர்குர் நின்று எவ்வளவு நேரமாயிற்றோ, எனக்கு உறைக்கவே இல்லை. காது இரண்டும் எதிர்ப்பக்கத்துக் காம்பவுண்டையே பார்க்கின்றன. அங்கே தெருவின் பெரிய கடுவன் உட்கார்ந்திருக்கிறது. மதில்மேல் பூனை என்று ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன், உண்மையில் ஒன்று உட்கார்ந்திருந்தபோது பார்க்கவில்லை. அவனுக்குக் கோபம் அதன்மேல், கைக்கெட்டியது நான். நான் தேடியது 'காது பக்கவாட்டில் சாய்கிறதா' என்பது மட்டும். எதை நோக்கி முன்னால் நிற்கிறது என்று நோட்டில் பத்தியே இல்லை.

சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவினேன். அவனுக்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும் அரசு மருத்துவமனைக்குப் போய் எனக்கும் ரேபிஸ் தடுப்பூசியில் முதல் ஊசி போட்டுக்கொண்டேன், அங்கே இலவசம். மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் இன்னும் பாக்கி. வீட்டுப் பூனைதானே என்று யாரும் சும்மா இருக்காதீர்கள்.

அடுத்த திட்டம் குப்பைமேனி. அதற்குப் பூனைவணங்கி என்று இன்னொரு பெயர் சும்மா வரவில்லை. செடியைப் பிடுங்கிப் புது வேரைக் காட்டினால் பல பூனைகள் அதில் புரண்டு மயங்கும். இதே மயக்கத்துக்கென்று கடையில் விற்கும் வெளிநாட்டு உலர் இலைப் பொட்டலம் 300 ரூபாய், பட்டாணிகூட மோந்துவிட்டுத் தும்மினாள். குப்பைமேனி எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே காடாக வளர்ந்து கிடக்கிறது. மயக்கத்தில் காது, கண்மணி, மீசை என்ன வரிசையில் மாறுகின்றன என்று 240 படத்தில் பார்க்க ஆசை. போன வாரமே இரண்டு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன், வேர் காய்ந்துபோவதற்குள் வெளிச்சம் போய்விட்டது. காலையில்தான் பிடுங்க வேண்டும்.

காது வேலையே முடியவில்லை, அதற்குள் வேருக்குப் போகிறாயா என்று அம்மா கேட்டாயிற்று. நோட்டில் ஆறாவது பத்திக்குக் கோடு போட்டுவிட்டேன்: 'காது எங்கே பார்க்கிறது?' பால்கனிக் கதவின் கீழ்ப்பாதிக்கு அட்டை ஒட்டியிருக்கிறேன், வெளிச்சம் வரும், மதில் தெரியாது. இன்று காலை சுருளி அட்டைக்கு முன்னால் உட்கார்ந்து அதையே பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். கடுவன் மதிலில்தான் இருந்தது.