செய்தி வாசிப்பவர் ஏன் நெளிகிறார்?

ஆசிலோஸ்கோப் டியூபில் டிவி பார்க்க முடியுமா என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. ஆனாலும் முடியும் என்று காட்டிவிட்டேன்.

ஆசிலோஸ்கோப் என்பது மின் சைகைகளைத் திரையில் அலைக்கோடாகக் காட்டும் அளவுக் கருவி. கழித்துக்கட்டிய பழைய ஒன்றிலிருந்து எடுத்த டியூப் அது. முகம் 5 அங்குல வட்டம், கழுத்து நீளம், எரிந்தால் பச்சை. பழைய டிவியின் பிக்சர் டியூபில் கழுத்தைச் சுற்றிச் செம்புக் கம்பிச் சுருள் இருக்கும். எலக்ட்ரான் கதிரை அந்தச் சுருளின் காந்தம்தான் வளைக்கும். இதில் சுருளே கிடையாது. உள்ளேயே இரண்டு ஜோடித் தகடுகள் இருக்கின்றன. ஒரு ஜோடி கதிரை இடம் வலமாக இழுக்கும், இன்னொன்று மேலும் கீழும். செட்டாப் பாக்ஸின் மஞ்சள் ஒயரில் வரும் வீடியோவிலிருந்து, எங்கே புது வரி, எங்கே புது படம் என்ற சைகையை மட்டும் எல்எம்1881 என்ற பொடி ஐசி பிரித்துக் கொடுத்துவிடும். அந்தத் தாளத்துக்குக் கதிர் நொடிக்கு 15,625 தடவை குறுக்கே ஓட வேண்டும், 50 தடவை மேலிருந்து கீழே இறங்க வேண்டும். ஓட்டம் நின்று ஒரே புள்ளியில் எரிந்தால் அந்த இடத்துப் பாஸ்பர், அதாவது கதிர் பட்டால் ஒளிரும் பூச்சு, கருகிப்போகும்.

இதை ஏதோ புதுப் பைத்தியம் என்று நினைக்க வேண்டாம். போருக்குப் பிறகு 1946 ஜூனில் பிபிசி மறுபடியும் டிவி ஒளிபரப்பைத் தொடங்கியது. ராணுவம் கழித்த ரேடார் சாமான்களும் பிரிட்டனில் மலிவாகக் கிடைத்தன. அவற்றிலிருந்த விசிஆர்97 என்ற 6 அங்குல டியூபை வைத்து நிறையப் பேர் வீட்டிலேயே டிவி கட்டினார்கள். அவர்களும் பச்சை முகங்களைத்தான் பார்த்தார்கள். வீட்டில் என்ன பேச்சு வாங்கினார்களோ.

நான் வாங்கிய பேச்சு சட்டைப் பையில் தொடங்கியது. இந்த டியூபுக்கு 2,000 வோல்ட் வேண்டும். மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து எடுக்கும் 2,000 வோல்ட் ஆளையே முடித்துவிடும். சுவிட்சை அணைத்த பிறகும் கெபாசிட்டரில் மின்னேற்றம் மிச்சம் இருக்கும். அதனால் அளந்து பார்க்கும்போது ஒரு கையைப் பைக்குள் வைத்துக்கொள்வது பழைய ரேடியோக்காரர்களின் வழக்கம். ஒரு கை வழியாக வந்த மின்சாரம் நெஞ்சைக் கடந்து மறு கைக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான். டியூப் உடைந்து சிதறினால் கண் தப்ப வேண்டுமே என்று கண்ணாடியும் போட்டிருந்தேன். அறை வாசலில் நின்று பார்த்த அக்கா, "என்னடா, போட்டோவுக்கு நிக்கறியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

முதல் படமாக 'அ' எழுத்தைக் காட்டலாம் என்பது என் திட்டம். ஜப்பானில் கென்ஜிரோ தகயநாகி 1926இல் இப்படி ஒரு டியூபில் தங்கள் எழுத்து ஒன்றைத்தான் முதலில் காட்டினார். நமக்கும் ஒரு கௌரவம் வேண்டாமா? 'அ' வந்தது, தலைகீழாக. அக்கா மகன் உடனே, "டியூபைத் திருப்பி வச்சுருங்க மாமா" என்றான். நியாயமாகத்தான் பட்டது. அணைத்து, மின்னேற்றத்தை இறக்கி, டியூபை அரைச் சுற்றுத் திருப்பினோம். இப்போது எழுத்து நிமிர்ந்து நின்றது, ஆனால் கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலம் மாறி. அவன் மறுபடி திருப்பச் சொன்னான். எத்தனை முறை திருப்பினாலும் தீராது. ஒரு ஜோடித் தகடுகளின் ஒயர்களை மட்டும் ஒன்றுக்கொன்று மாற்றிக் கொடுத்தால் தீர்ந்துவிடும். மாற்றினேன். அவனுக்கு அது ஏதோ மோசடி என்றே இன்னமும் எண்ணம்.

அப்புறம் செய்திச் சேனல் வைத்தேன். விளக்கை அணைத்தால்தான் படம் தெரியும். இருட்டில் எல்லோரும் தலையை முட்டிக்கொண்டு குனிந்து பார்த்தோம். செய்தி வாசிக்கும் பெண் பச்சையாக வந்தார். நன்றாகவே வந்தார். ஆனால் இடுப்பிலிருந்து தலைவரை மெதுவாக நெளிந்துகொண்டே இருந்தார்.

"அந்தப் பொண்ணு ஏன்டா இப்படி ஆடிக்கிட்டே படிக்குது?" என்றார் அம்மா. "வெள்ளச் சேதம்னு சொல்லுது, கொஞ்சமாவது விவஸ்தை வேண்டாம்?"

குற்றம் டிரான்ஸ்ஃபார்மருடையது. அதிலிருந்து கசியும் காந்தப்புலம் கதிரைப் பிடித்து இழுக்கிறது. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், படமும் நொடிக்கு 50. இரண்டும் துல்லியமாக ஒத்துப்போனால் நெளிவு ஒரே இடத்தில் நிற்கும். இம்மி வித்தியாசம் இருப்பதால்தான் அது ஊர்ந்து போகிறது. இதை விளக்கினேன். அம்மா கேட்டுக்கொண்டு, "அப்போ அவளைச் சொல்லிக் குத்தமில்லை" என்றார். டியூபைச் சுற்றி, காந்தப்புலத்தை உள்ளே விடாத மியூமெட்டல் என்ற உலோகத்தாலான உறையை மாட்டி, டிரான்ஸ்ஃபார்மரை எட்டித் தள்ளி வைத்ததும் வாசிப்பவர் நிதானத்துக்கு வந்தார்.

அடுத்த சண்டை வட்டத்தைப் பற்றியது. 5 அங்குல வட்டத்துக்குள் 4க்கு 3 அங்குலப் படம்தான் முழுசாக அடங்கும். அக்கா மகன் வட்டம் நிறையப் படம் வேண்டும் என்று குமிழைத் திருகினான். நான்கு மூலையும் போச்சு. மூலையில் இருந்த சேனல் பெயர் காணவில்லை. கீழே ஓடிய செய்தியும் கொஞ்சம் கொஞ்சமாக எட்டிப்பார்த்து மறைந்தது. "யாரோ ராஜினாமா" என்று சித்தப்பா படித்தார்; யார் என்று தெரிந்துகொள்ள எழுந்து கூடத்துப் பெரிய டிவிக்குப் போய்விட்டார். என்னைக் கேட்டால் மூலை இல்லாத படம்தான் அழகு. விளம்பரத்தில் தள்ளுபடி எவ்வளவு என்றுகூடத் தெரியாது, நிம்மதி.

"கலர் எப்போ வரும்?" என்றார் அம்மா. இந்த டியூபில் வராது, பச்சை பாஸ்பர் பச்சையைத்தான் தரும். வெள்ளை டியூப் கிடைத்தால் ஒரு வழி உண்டு. 1951இல் அமெரிக்காவில் சிபிஎஸ் நிறுவனம் சிவப்பு, பச்சை, நீலத் தாள் ஒட்டிய சக்கரத்தைத் திரைக்கு முன்னால் சுழலவிட்டு, அதற்கென்றே தனி முறையில் கலர் ஒளிபரப்பு நடத்தியது. சில மாதங்களிலேயே அது நின்றுபோனது. சக்கரம் திரையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாக இருக்க வேண்டும் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அக்கா மகன் டேப்பை எடுத்துக்கொண்டு அம்மாவின் டேபிள் ஃபேனை அளக்கப் போயிருக்கிறான்.