வாளிக்கு வந்த வாழ்வு

என் கோட்டையில் நேற்றிரவு ஒரு மர வாளிக்கு வைரம் இழைத்தார்கள். இழைக்கச் சொன்னவள் நான்தான். ஆனால் வாளிக்குச் சொல்லவில்லை.

டுவார்ஃப் ஃபோர்ட்ரஸ் என்ற கணினி விளையாட்டில் நான் ஒரு குள்ளர் குடியேற்றத்தை நடத்துகிறேன்; அந்தக் கோட்டையின் பிரபுவிடம் நேரே வருகிறேன். பதவி கிடைத்த நாள் முதலாக அவருக்குத் தம் அலுவலறை போதவில்லை. அறையின் தகுதி அதிலுள்ள பொருள்களின் மதிப்பால் உயரும் என்பதால், அவர் அமரும் கல் நாற்காலியில் வைரம் பதித்துவிட்டால் மனிதர் வாயை மூடுவார் என்று கணக்குப் போட்டேன். நிறமற்ற வைரங்கள் மூன்று, பட்டை தீட்டப்பட்டுத் தயாராக இருந்தன. கல் இழைக்கும் பட்டறையில் தளவாடத்துக்கு வைரம் பதிக்க மூன்று முறை உத்தரவு கொடுத்துவிட்டு, துணி மடிக்கப் போனேன்.

இந்த விளையாட்டில் எந்தக் கல்லைப் பதிப்பது என்று நாம் சொல்லலாம். எதில் பதிப்பது என்பதைப் பட்டறைக்காரர் தாமே முடிவு செய்துகொள்வார். அவர் அழகையோ தேவையையோ பார்ப்பதில்லை. கைக்கெட்டும் தொலைவில் தளவாடம் என்ற பெயரில் எது கிடந்தாலும் அவருக்குச் சம்மதமே. வாளியும் தளவாடம், பீப்பாயும் தளவாடம், சவப்பெட்டியும் தளவாடம். நான் திரும்பி வந்து பார்த்தபோது, தச்சர் வாசலில் போட்டுவிட்டுப் போயிருந்த வாளியின் பெயர் இருபுறமும் இரட்டைக் கோணக் குறிகளுக்கு நடுவே, மாலை போட்ட மாப்பிள்ளையைப் போல நின்றது. அலங்கரிக்கப்பட்ட பொருள் என்பதற்கு அதுதான் அடையாளம்.

ஒரு வைரம் போனால் போகட்டும், மற்ற இரண்டும் நாற்காலிக்குத்தானே போயிருக்கும் என்று தேடினேன். ஒன்று காலிப் பீப்பாயில் இருந்தது. இன்னொன்று சவப்பெட்டியில் இருந்தது.

தம்பியை அழைத்ததுதான் அடுத்த பிழை. அவனுக்கு என் தோல்விகளை விளக்குவதில் உள்ள மகிழ்ச்சி, தன் வெற்றிகளில்கூட இருந்ததில்லை. ஒரே வகைக் கல்லை ஒரே பொருளில் இரண்டாம் முறை பதிக்க முடியாது, அதனால்தான் வாளிக்குப் பின் பீப்பாய், பீப்பாய்க்குப் பின் சவப்பெட்டி என்று அந்த ஆள் வரிசையாகப் போயிருக்கிறார் என்றான். “நாற்காலியை அறையை விட்டு எடுத்தியா அக்கா?” என்று கேட்டான். எடுக்கவில்லை. அறையில் நிறுவப்பட்ட பொருளை யாரும் அலங்கரிக்க மாட்டார்களாம். அதைப் பெயர்த்து, தனிக் கிடங்கு ஒன்றில் தனியாக வைத்து, அந்தக் கிடங்கிலிருந்து மட்டுமே பொருள் எடுக்கும்படி பட்டறையை இணைத்திருக்க வேண்டுமாம். டார்ன் ஆடம்ஸ், ஸாக் ஆடம்ஸ் என்ற அண்ணன் தம்பி இருவர் சேர்ந்து இத்தனை நுணுக்கமான ஓர் உலகத்தையே கட்டி 2006இல் வெளியிட்டார்கள். அக்காள் தம்பி இருவரால் ஒரு வாளியைப் பற்றி நாகரிகமாகப் பேச முடியவில்லை.

வணிகர்களிடம் விற்றுவிடு என்பது அவனுடைய அடுத்த யோசனை. அப்போது வாசலில் வந்து நின்றவர்கள் எல்ஃப்கள் என்ற வனவாசி இனத்தார். மரப்பொருளை விற்பனைக்கென்று காட்டினாலே மரத்தைக் கொன்ற பாவிகளே என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும் கூட்டம் அது. அடிப்பாகம் மரமாக இருக்கும்போது மேலே எத்தனை வைரம் இருந்தும் பயனில்லை. வாளி விலைபோகவில்லை. கோட்டையின் மொத்த மதிப்போ ஏறிவிட்டது. மதிப்பு ஏறினால், கோட்டையைத் தாக்க வரும் காப்ளின்கள் என்ற பூதக் கூட்டத்துக்கு மூக்கு வியர்க்கும்.

அவர்கள் வந்தார்கள். கதவை அடைத்துவிட்டேன், ஆனால் ஆற்றங்கரையில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒருவரை உள்ளே அழைக்க மறந்துவிட்டேன். கோட்டையில் மிச்சமிருந்த ஒரே சவப்பெட்டி எது என்று சொல்ல வேண்டியதில்லை. அவரை அதில் வைத்த பிறகுதான், மூன்று ஆண்டுகள் என் கோட்டைக்கு மீன் கொண்டுவந்தவரின் பெயரை முதல் முறையாகத் தேடிப் படித்தேன்.

அந்த வாரம் சும்மா இருந்த எலும்புச் செதுக்குநருக்கு ஏதாவது வேலை கொடுப்போமே என்று, எலும்பால் அலங்கரிக்கும் உத்தரவு ஒன்றைப் போட்டேன். அவரும் வாசலில் கிடந்த அதே வாளியைத்தான் எடுத்தார். வாளியின் சொந்த மதிப்பு 10. எலும்பு வேலையின் அடிப்படை மதிப்பும் 10தான்; கைவேலை உச்சத் தரமாக அமைந்தால் அது 12 மடங்காகி 120 ஆகும். அமைந்தது. விவரத்தைத் திறந்து படித்தேன். மாட்டெலும்பில் ஒரு குள்ளரும் ஒரு காப்ளினும். குள்ளர் இறைஞ்சுகிறார். காப்ளின் சிரிக்கிறது. இந்தப் படம், இன்னார் ஆற்றங்கரையில் கொல்லப்பட்டதைக் குறிப்பது என்று ஆண்டும் பருவமும் கீழே எழுதியிருந்தன. நான் எதை வரையச் சொல்லியும் உத்தரவிடவில்லை.

மனிதர்களின் வணிகக் கூட்டம் கோடையில் வரும், அவர்கள் மரம் பார்க்க மாட்டார்கள், அதுவரை வாளியைப் பத்திரப்படுத்து என்றான் தம்பி. நான் அதைக் கயிற்றோடும் கல்லோடும் சேர்த்துக் கிணற்றில் கட்டிவிட்டேன். அலங்காரம் மிக்க கிணறு என்று, தண்ணீர் குடிக்க வருகிறவர்கள் எல்லாம் மனம் மகிழ்ந்து போகிறார்கள். பிரபு மட்டும் இன்னும் அந்த வெறும் கல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு முனகுகிறார். முனகட்டும்.