‘ப’ வராத நாட்கள்

2025 ஜனவரி 7, பாம்பன்

காலையில் பல் விளக்கிக் கொப்பளித்தேன்; தண்ணீர் இடது கடைவாய் வழியே சட்டையில் வழிந்தது. பனியில் உதடு மரத்திருக்கும் என்று மறுபடி கொப்பளித்தேன். மறுபடியும் சட்டை. நேற்று முழுக்க இடது காதுக்குப் பின்னால் ஒரே குடைச்சல். தலையில் துண்டு கட்டாமல் வாடையில் நின்ற வினை என்று விட்டிருந்தேன். கண்ணாடியைப் பார்த்தால் வலது கண் இமைக்கிறது, இடது கண் முறைத்துக்கொண்டே இருக்கிறது.

அம்மா கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “காத்து அடிச்சிருச்சுடா” என்றார். பக்கவாதமோ என்று பயந்த அண்ணன், “ரெண்டு கையையும் தூக்கு” என்றார். தூக்கினேன். தர்காவில் ஓதிவிட்டு வரலாம் என்று மைனி கிளம்பி நின்றார்.

கடைசியில் போனது ஒரு தனியார் கிளினிக். ஒரு சத்து ஊசி, பத்து நாளைக்குச் சத்து மாத்திரை, தினமும் வந்து முகத்தில் கரண்ட் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். என்ன நோய் என்று கேட்டேன். “நரம்பு வீக்னெஸ்.”

ஜனவரி 8

எனக்குத் தொழில் மீன் ஏலம் கூறுவது. ‘ப’வும் ‘ம’வும் உதடு ஒட்டினால்தான் பிறக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்து மார்க் வாங்கியிருக்கிறேன். அது என் வயிற்றுப் பிழைப்பு சம்பந்தப்பட்ட இலக்கணம் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. மீன் பேர்களில் சூடை வந்தது, காரல் வந்தது, நகரை வந்தது. பாறை வரவில்லை, முரல் வரவில்லை, மாவுலா வரவே இல்லை. அதைவிடக் கொடுமை எண்கள். முப்பது, நாற்பது, ஐம்பது, அறுபது, எழுபது, எண்பது, எதிலும் ‘ப’ இல்லாமல் இல்லை. இருபதை இருவது என்று கூவித் தப்பிக்கலாம் என்றால் ‘வ’வுக்குக் கீழுதடு பல்லில் படவேண்டும். தொண்ணூறு ஒன்றுதான் சுத்தமாக வருகிறது. எல்லாக் கூறையும் தொண்ணூறுக்கா விடமுடியும்?

ஒரு கூறு விளைமீனுக்கு நான் சொன்னது எழுபதா எண்பதா என்று இரண்டு வியாபாரிப் பெண்களுக்குள் சண்டை. அண்ணன் மகனைக் கூவச் சொல்லிவிட்டு, நோட்டை எடுத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டேன்.

ஜனவரி 9

அக்கா மகள் மதுரையில் பிசியோதெரபி படிக்கிறாள். நேற்று ராத்திரி வீடியோவில் என்னைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். “மாமா, நெத்தியச் சுருக்குங்க. புருவத்தத் தூக்குங்க.” வலது புருவம் ஏறியது, இடது அசையவில்லை. மூளையில் அடைப்பு வந்து வாய் கோணினால் பெரும்பாலும் நெற்றி அசையுமாம். முகநரம்பே செத்துக் கிடந்தால் நெற்றியும் சேர்ந்து படுத்துவிடுமாம். “ஆனா இத நம்மளா பாத்து முடிவு பண்ணக் கூடாது மாமா. கை கால் விழுந்தாலோ பேச்சு குழறினாலோ யோசிக்காம 108.” அடுத்த கேள்வி: “எத்தன மணி நேரம் ஆச்சு?” ஏறக்குறைய நாற்பது. “எழுபத்திரண்டுக்குள்ள ஸ்டீராய்டு ஆரம்பிக்கணும். விடிஞ்சதும் ராமநாதபுரம் போங்க.”

போனேன். பெரியாஸ்பத்திரி காது மூக்கு தொண்டை டாக்டர் முதலில் காதுக்குள் கொப்புளம் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தால் அது அம்மை வைரஸ் வேலை, ராம்சே ஹன்ட் என்று வேறு பெயர், கூடவே வேறு மாத்திரை. எனக்கு இல்லை. எனக்கு வந்திருப்பது பெல்ஸ் பால்சி, முகநரம்பு திடீரென்று படுத்துவிடுவது. சார்லஸ் பெல் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் 1821-லேயே இந்த நரம்பைப் பற்றி எழுதிவிட்டாராம். மூளையிலிருந்து வரும் ஏழாவது நரம்பு காதுக்குப் பின்னால் எலும்புக்குள் ஒரு குறுகலான சந்து வழியாக வருகிறது. வீங்கினால் ஒதுங்க இடமில்லை, நசுங்குகிறது. ஊறிப் பருத்த கயிறு குழாய்க்குள் இறுகிக்கொண்ட மாதிரி என்று நானாக நினைத்துக்கொண்டேன். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக்கொடுத்தார். எனக்குச் சர்க்கரை உண்டு, ஸ்டீராய்டு அதை ஏற்றிவிடுமாம். மாத்திரை முடியும்வரை தினமும் ரத்தம் பார்க்கச் சொன்னார்.

ஜனவரி 12

வாயைப் பற்றித்தான் ஊரே கேட்கிறது. டாக்டர் பேசியதில் பாதி கண்ணைப் பற்றி. மூடாத கண் காய்ந்து கருவிழி புண்ணாகிவிட்டால் நரம்பு திரும்பினாலும் பார்வை திரும்பாது. பாம்பன் காற்றில் மண் வேறு பறக்கும்.

பகலில் சொட்டு மருந்து, கூலிங் கிளாஸ். ராத்திரி வேலை என் மனைவியுடையது. கீழிமையை இழுத்து அரிசியளவு களிம்பு வைக்கிறாள். விரலின் பின்புறத்தால் மேலிமையை மெதுவாக இறக்குகிறாள். கொஞ்சநேரம் பிடித்திருந்துவிட்டு, காகிதப் பிளாஸ்திரியை இமைமேல் குறுக்கே ஒட்டுகிறாள். ஒட்டியபின் டார்ச் அடித்துப் பார்க்கிறாள்: வெள்ளை தெரிந்தால் உரித்து மறுபடி. திறந்த கண்ணில் பிளாஸ்திரி உரசினால் அதுவே கீறிவிடும். நேற்று மூன்று தடவை உரித்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் முகத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லையாம்.

ஜனவரி 16

பொங்கலுக்குக் கட்டிய ஸ்பீக்கர் இடது காதில் ஆணி அடிக்கிறது. காதுக்குள் சத்தத்தை மட்டுப்படுத்தும் ஒரு குட்டித் தசையும் இதே நரம்புக்குத்தான் கட்டுப்பட்டதாம். நாக்கின் முன்பக்க ருசியும் அப்படியே. மீன்குழம்பு இடது பக்கம் சுடுகிறது, அவ்வளவுதான்.

போனில் தமிழில் தேடினேன். பூண்டு, ஜாதிக்காய், பலூன் ஊது, சூயிங்கம் மெல்லு. இங்கிலீஷில் தேடினால் பிரிட்டனில் ஃபேஷியல் பால்சி யுகே என்று ஓர் அறக்கட்டளை, 2012-லிருந்து. கண்ணுக்கு ஒரு தாள், சாப்பாட்டுக்கு ஒரு தாள், வேலைக்குத் திரும்புவதற்கு ஒரு தாள், பிள்ளைகளுக்கு ஒரு தாள். சூயிங்கம் வேண்டாம், கரண்ட் வேண்டாம், முதல் வாரங்களில் முகத்தைப் பலங்கொண்டு இழுக்க வேண்டாம் என்கிறது. நாங்கள் ஆஸ்பத்திரியில் பார்த்த பிசியோதெரபி அம்மாவும் அதையேதான் சொன்னார். வேகமாக இழுத்துப் பழகினால் நரம்பு முளைக்கும்போது தப்பான வழியில் பழகிக்கொள்ளும்.

கோபன்ஹேகனில் ஒரு டாக்டர் பெல்ஸ் பால்சி வந்த 1,701 பேரை மருந்தே கொடுக்காமல் பின்தொடர்ந்து 2002-ல் கணக்கு வெளியிட்டிருக்கிறார். 71 சதவீதம் பேருக்கு முகம் முழுசாகத் திரும்பியிருக்கிறது. 85 சதவீதம் பேருக்கு மூன்று வாரத்துக்குள் ஏதோ ஓர் அசைவு. காலண்டரில் 28-ஆம் தேதியை வட்டமிட்டேன்.

ஜனவரி 27

ஒருநாள் முன்னதாகவே. கண்ணாடி முன் நின்று இடது உதட்டோரத்தை விரலால் தாங்கிக்கொண்டு, சின்னதாக, மெதுவாக. அசைந்தது. எறும்பு கடித்தால் துடிக்குமே, அவ்வளவு. அடுப்படியிலிருந்த பூனையிடம் “பாறை” என்றேன். முக்கால்வாசி ‘ப’. மீன் பேரைக் கேட்டுப் பழகிய பூனை, எழுந்தே வந்துவிட்டது.

பிப்ரவரி 2

சின்னப்பாலத்திலிருந்து ஓர் ஆத்தா வந்தார். கடலில் பாசி எடுக்கப் போகிறவர். முகத்தின் வலது பக்கம் இறுகியிருக்கிறது. சிரிக்கும்போது முந்தானையால் வாயை மூடுகிறார், அந்தக் கண் தானாகச் சுருங்குகிறது. இருபது வருஷமாக இப்படியாம்.

“உனக்கும் சோறு திங்கையில கண்ணுல தண்ணி வருதாப்பா?”

இல்லை ஆத்தா என்றேன்.

“எனக்கு வருது. ஒத்தக் கண்ணுல. கல்யாண வீட்டுல எலையில உக்காந்தா, இவ எதுக்கு அழுவுறான்னு பாக்குறாக. காரம்னு சொல்லிருவேன். பாயசத்துக்கு என்னத்தச் சொல்ல?”

எனக்கு விடை தெரிந்திருந்தது. முந்தாநாள் ராத்திரிதான் படித்திருந்தேன். எச்சில் சுரப்பிக்குப் போகவேண்டிய நரம்பு இழை முளைக்கும்போது வழி தவறிக் கண்ணீர்ச் சுரப்பிக்குப் போய்விடுகிறது. வாய் ஊறவேண்டிய நேரத்தில் கண் ஊறுகிறது. சொன்னேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். “அப்ப எனக்கு மட்டும் இல்லையா இது?” இல்லை ஆத்தா, இதற்குப் பேரே இருக்கிறது, முதலைக் கண்ணீர் என்று. அங்கேதான் கெடுத்தேன். “நான் என்ன பொய்யாவா அழுறேன்?” என்று எழுந்துவிட்டார். டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைக்க வேண்டியதாயிற்று.

பெரிய ஆஸ்பத்திரிகளில் இதற்கு ஊசி உண்டு என்று அக்கா மகள் போனில் சொன்னாள். ஆத்தா மாட்டேன் என்றுவிட்டார். கண்ணுக்குச் சொட்டு மருந்து மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். உப்புத்தண்ணியில் முங்கி எழுந்து அந்தக் கண் எப்போதும் சிவந்தே இருக்கிறது.

பிப்ரவரி 9

நானும் அக்கா மகளும் ஒரு பக்கம் எழுதி முடித்தோம். தலைப்புக்கே ஒரு மணி நேரம். ‘முகநரம்பு முடக்கம்’ என்று அவள் எழுதினாள். அதை எங்கள் கரையில் யாரும் நின்று படிக்கமாட்டார்கள். ‘வாய் கோணிருச்சா?’ என்று பெரிய எழுத்தில் போட்டோம். கீழே, மூன்று நாளைக்குள் டாக்டர், கண்ணை எப்படி மூடுவது, எப்போது 108, சந்தேகம் கேட்க 104, மனசு உடைந்தால் 14416. காற்று அடிப்பதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அம்மாவுடன் யார் சண்டை போடுவது? முதலைக் கண்ணீர் என்ற பேரையும் எடுத்துவிட்டேன். விஷயத்தை விடவில்லை.

நாற்பது ஜெராக்ஸ். ஏலக்கொட்டகை, ரேஷன் கடை, ஐஸ் கம்பெனி, பள்ளிக்கூட வாசல். டீக்கடையில் வைத்த கட்டு சாயங்காலத்துக்குள் வடை மடிக்கப் போய்விட்டது. கடைக்காரர் சமாதானம் சொன்னார்: “வடையத் தின்னுட்டுப் படிப்பாகல்ல.”

மார்ச் 3

மார்ச் முதல் வாரம் பிரிட்டன்காரர்கள் இந்த நோய்க்காக அனுசரிக்கும் வாரம். அதைச் சாக்காக வைத்து மதியம் ஏலக்கொட்டகையில் உட்கார்ந்தோம். நான், ஆத்தா, மண்டபத்திலிருந்து ஒரு பஸ் கண்டக்டர், தங்கச்சிமடத்திலிருந்து பிரசவமாகி ஒன்றரை மாதமான ஒரு பெண். அந்தப் பெண்ணுக்கு ஒன்பதாம் மாதத்தில் வந்திருக்கிறது. கர்ப்பகாலத்தின் கடைசி மாதங்களில் இது வருவது உண்டு. குழந்தையோடு ஒரு போட்டோகூட எடுத்துக்கொள்ளவில்லையாம். குழந்தை தன் முகத்தைப் பார்த்துச் சிரிக்கக் கற்றுக்கொள்ளுமா என்று கேட்டாள். யாருக்கும் சட்டென்று பதில் வரவில்லை. கண்டக்டர் குழந்தையை வாங்கி விசிலைக் காட்டினார். அவரால் இன்னும் விசில் ஊத முடியவில்லை, ஓட்டுநருக்குக் கம்பியைத் தட்டித்தான் குரல் கொடுக்கிறார்.

குழந்தை ஆத்தாவைப் பார்த்துச் சிரித்தது. ஆத்தா முந்தானையை எடுக்க மறந்துவிட்டார்.

மூன்று மணிக்கு வள்ளம் வந்தது. எழுந்துபோய் ஒரு கூறு பாறைக்கு ஏலம் ஆரம்பித்தேன். அறுபது, எழுபது, எண்பது. எண்பதில் கொஞ்சம் எச்சில் தெறித்தது. முன்னால் நின்ற வியாபாரி அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டே தொண்ணூறு என்றார்.