ஜப்பான் பாத்தி, நம்ம பாத்தி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் (குடியிருப்பு) பொது மண்டபத்துக்குப் பின்னால் கொஞ்சம் காலி இடம் கிடந்தது. ஒரு காலத்தில் கித்தா (ரப்பர்) மரங்கள் நின்ற மண். வார இறுதியில் பிள்ளைகளுக்குச் செடி வளர்க்கச் சொல்லிக்கொடுக்கலாம் என்று நானும் இரண்டு ஆசிரியைகளும் ஆரம்பித்தோம். கத்தரி, வெண்டை என்றபோது மூன்று பேர் வந்தார்கள். பிள்ளைகளுக்கு அனிமே பைத்தியம் அல்லவா, ஜப்பான் செடி என்றதும் 14 பேர். சரி என்று இரண்டு பாத்தி போட்டோம். ஒன்று ஜப்பானுக்கு, இன்னொன்று நம்ம ஊர்ச் செடிகளுக்கு.

முதலில் ஷிசோ, ஜப்பானியர்கள் இலையைச் சாப்பிடும் செடி. துளசி, கற்பூரவல்லி குடும்பம்தான். வழக்கம்போல் விதைத்து மண்ணால் மூடினேன். மூன்று வாரமாகியும் ஒன்றுமில்லை. அந்த விதை முளைக்க வெளிச்சம் வேண்டுமாம். அடுத்த முறை மண்மேலேயே தூவித் தண்ணீர் தெளித்தேன், முளைத்தது.

அப்புறம் இன்னொரு வம்பு. ஒரு சாண் உயரம் வருவதற்குள் பூத்துவிட்டது. இலையோ கட்டைவிரல் அகலம்கூட இல்லை. உரம் போதவில்லை என்று நினைத்தேன். விஷயம் பகலில் இருந்தது. ஷிசோ, நீண்ட பகல் உள்ள கோடையில் இலை விட்டு, பகல் குறுகும்போது பூக்கிற செடி. இங்கே ஆண்டு முழுக்கப் பகல் 12 மணி நேரத்தை ஒட்டியே இருக்கிறது. பாவம், முளைத்த அன்றே அதற்குப் பூக்கும் காலம். ஜப்பானில் ஐச்சி வட்டாரப் பண்ணைகளில் இரவில் விளக்குப் போட்டுத்தான் இதைப் பூக்கவிடாமல் வைத்திருக்கிறார்கள். நாங்களும் மண்டபத்துச் சுவரில் ஓர் எல்இடி பல்பை மாட்டி, இரவு 11 மணி வரை எரியவிட்டோம். விளக்கடியில் இருந்த எட்டுச் செடிகளும் இலையாகவே நின்றன. வெளிச்சம் எட்டாத மூன்று பூத்துவிட்டன. அந்த மூன்றையும் பிடுங்காமல் விட்டிருக்கிறேன், பிள்ளைகளுக்குக் காட்ட.

மியோகா இஞ்சியை நடவே இல்லை. அதற்குக் குளிர்காலத் தூக்கம் வேண்டும். அதன் மொட்டைத்தான் சாப்பிடுவார்கள். அந்த வேலைக்கு நம்ம பாத்தியில் ஆள் இருக்கிறது: லக்சா நூடுல்ஸ் குழம்பில் போடும் புங்கா கந்தான். அதுவும் இஞ்சிக் குடும்பம், அதிலும் மொட்டுதான்.

மூடாக்குக்குச் செம்பனை எண்ணெய் ஆலையிலிருந்து, பழம் உதிர்த்த வெற்றுக் குலை வாங்கினேன். பேராசை, மிச்சத்தை ஓரமாகக் குவித்துவைத்தேன். நாலு மாதம் கழித்துக் கிளறினால், விரல் தடிமனில் சுருண்டு கிடக்கும் வெள்ளைப் புழுக்கள். காண்டாமிருக வண்டின் புழு, செம்பனைக் குருத்தைத் துளைக்கிற சனியன். ஒரு பையன் மட்டும் “கபுத்தொமுஷி!” என்று துள்ளினான். ஜப்பான் பிள்ளைகள் டப்பாவில் போட்டு ஆசையாக வளர்க்கும் கொம்பு வண்டு அது. இனம் வேறு, உறவு உண்டு. வீட்டுக்கு ஒன்று கொண்டுபோகட்டுமா என்று கேட்டான். தோட்டத்தில் முப்பது வருடம் வேலை பார்த்த பாட்டி ஒருவர் பக்கத்தில் இருந்தார். “அட போடா, கோழிக்குப் போடு.”

ஜனவரி 7 அன்று ஜப்பானியர்கள் ஏழு கீரை போட்டுக் கஞ்சி வைப்பார்கள். பட்டியலில் முதல் பெயர் செரி. நாற்று வாங்கத் தேடியபோது தாவரப் பெயர் கண்ணில் பட்டது: ஓனாந்தே ஜவானிக்கா. எங்கேயோ பார்த்த பெயர். எழுந்துபோய் நம்ம பாத்திப் பலகையைப் பார்த்தால், என் கையெழுத்திலேயே அதே பெயர், செலோமுக்குக் கீழே! காலைச் சந்தையில் மக்சிக் (மலாய்க்கார அம்மா) கட்டுக்கட்டாக விற்கும், பச்சையாகச் சாப்பிடும் உலாம் கீரை. வேரோடு வாங்கி நானே நட்டது. நல்லவேளை, பணம் கட்டவில்லை.

எந்தப் பாத்தியில் வைப்பது என்று பிள்ளைகளுக்குள் ஒரே சண்டை. செலோமுக்கு எப்போதும் ஈரம் வேண்டும், அதனால் ஒரு பழைய தொட்டியை இரண்டு பாத்திக்கும் நடுவில் வைத்து மாற்றினோம். பலகையில் ஒரு பக்கம் செரி, மறுபக்கம் செலோம்.

ஏழில் இன்னொன்று சுசுஷிரோ. பெரிதாக ஒன்றுமில்லை, முள்ளங்கிதான். ஆக இரண்டு சேர்ந்தது. மிச்சத்துக்கு வல்லாரையும் முருங்கைக்கீரையும் போட்டுப் பொங்கலுக்கு முந்தின வாரம் கஞ்சி வைத்தோம். பாட்டி ஒரு வாய் குடித்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு, சப்புன்னு இருக்கு” என்று நார்த்தங்காய் ஊறுகாய் எடுத்துவர வீட்டுக்குப் போனார்.