கல்லூரிக் கூடைப்பந்தில் துணைப் பயிற்சியாளர் ஆவது: வீடியோ அறையிலிருந்து பெஞ்சு வரை

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் துணைப் பயிற்சியாளர் ஆக நினைப்பவர் முதலில் நாற்காலிகளை எண்ணிப் பார்க்க வேண்டும். கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் முதல் பிரிவில் ஆண்கள் அணி வைத்திருக்கும் கல்லூரிகள் 360க்கும் மேல். 2023 ஜூலை வரை ஓர் அணியில் தலைமைப் பயிற்சியாளரும் 3 துணைப் பயிற்சியாளர்களும் மட்டுமே களத்தில் இறங்கிச் சொல்லிக்கொடுக்கலாம். அந்த ஜூலையில் இன்னும் 2 பேருக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் வெளியூர் போய் வீரர்களைத் தேடும் உரிமை அவர்களுக்குத் தரப்படவில்லை. இதனால் அதிகம் பலன் பெற்றவர்கள், ஆட்டப் பதிவுகளை வெட்டித் தொகுத்தபடி வீடியோ அறையில் இருந்தவர்கள். அதற்கு முன்பெல்லாம் அவர்கள் ஒரு வீரனின் கால் வைப்பைத் திருத்தினாலே விதிமீறல்.

உள்ளே வரும் வழி பெரும்பாலும் ஒன்றுதான். படிக்கும்போது மாணவ மேனேஜர். பிறகு 2 ஆண்டு முதுகலைப் படிப்போடு கிராஜுவேட் அசிஸ்டன்ட், அதாவது கட்டணச் சலுகையும் சிறிய உதவித்தொகையும். அடுத்து வீடியோ பொறுப்பு அல்லது ஆபரேஷன்ஸ், அதாவது அணியின் அன்றாட நிர்வாகப் பொறுப்பு. அதற்கும் மேலே பெஞ்சு, அதாவது துணைப் பயிற்சியாளர் நாற்காலி. லாரன்ஸ் ஃபிராங்க் இண்டியானா பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர் பாபி நைட்டிடம் மாணவ மேனேஜராக இருந்தவர்; பின்னாளில் நியூ ஜெர்சி நெட்ஸ் என்ற என்.பி.ஏ. தொழில்முறை அணியின் தலைமைப் பயிற்சியாளர். டாம் இஸ்ஸோ 1983இல் மிச்சிகன் ஸ்டேட்டில் பகுதிநேர உதவியாளராகச் சேர்ந்து 1995இல் தலைமைப் பொறுப்பேற்றார். பிராட் ஸ்டீவன்ஸ் 2000இல் மருந்து நிறுவன வேலையை விட்டுவிட்டு பட்லர் பல்கலைக்கழகத்தில் சம்பளமில்லாமல் நுழைந்தார். 2007இல் தலைமைப் பயிற்சியாளர். 2010, 2011 இரண்டு ஆண்டும் அணியைத் தேசிய இறுதிப்போட்டி வரை கொண்டுபோனார்.

மேனேஜராக இருக்கும்போது துண்டு மடிப்பதும் பந்து எடுத்துப் போடுவதும் எல்லோரும் செய்வது. அதோடு பயிற்சியில் கணக்கெடுக்கப் பழகுங்கள்: யார் எத்தனை பந்தைத் தட்டிவிட்டார், எத்தனை முறை பந்து கூடைக்கு அடியிலுள்ள பகுதிக்குள் போனது, யார் ஒவ்வொரு ஷாட்டுக்கும் எதிராளியை மறித்து நின்றார். பயிற்சி முடிந்த 10 நிமிடத்தில் அந்தத் தாள் பயிற்சியாளர் மேசையில் இருந்தால் உங்கள் பெயர் அவருக்குத் தெரியவரும். கூடவே மென்பொருள்களில் கைப்பழக்கம் வேண்டும்: ஸ்போர்ட்ஸ்கோடில் வீடியோ வெட்டவும், சினர்ஜியில் கிளிப் தேடவும், ஃபாஸ்ட்டிராவில் ஆட்ட வரைபடம் போடவும்.

சம்பளத்தைப் பற்றி மனக்கோட்டை வேண்டாம். 1991இல் என்.சி.ஏ.ஏ. ஒரு வகைப் பயிற்சியாளருக்கு ஆண்டுக்கு 16,000 டாலர் என்று உச்சவரம்பே போட்டது. பயிற்சியாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள்; 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அது போட்டிச் சட்டத்துக்கு எதிரானது என்றது; 1999இல் 54.5 மில்லியன் டாலர் தருவதாகச் சமரசம் ஆனது. இன்று உச்சவரம்பு இல்லை. ஆனாலும் கீழ்ப்படிகளில் வாடகைக்கே இழுபறிதான்.

இந்த வேலையின் உயிர் எதிரணி அறிக்கையில் இருக்கிறது. அங்கே அதற்கு ஸ்கவுட் என்று பெயர். ஒரு பருவத்தில் சுமார் 31 ஆட்டம். 3 துணைப் பயிற்சியாளர்கள் பிரித்துக்கொண்டால் ஆளுக்குப் பத்து. புதன் ஆட்டம் சக பயிற்சியாளருடையது, சனி ஆட்டம் உங்களுடையது என்றால், புதன் இரவு பேருந்து திரும்பி வருவதற்குள் உங்கள் முதல் வரைவு முடிந்திருக்க வேண்டும். வியாழன் காலை தொடங்கினால் தாமதம்.

எதிரணியின் கடைசி 4, 5 ஆட்டங்களைப் பாருங்கள். அவற்றில் ஒன்று அவர்கள் தோற்றதாகவும், இன்னொன்று நம்மைப் போல ஆடும் அணியோடு ஆடியதாகவும் இருக்கட்டும். முதல் தடவை எதையும் வெட்டாமல் பார்ப்பது நல்லது. இரண்டாம் தடவை ஒலியைக் கூட்டிவைத்து, பயிற்சியாளர் கத்தும் சொல்லையும் காட்டும் கைச்சைகையையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எந்த ஆட்ட அமைப்பு (ப்ளே) வந்தது என்று பக்கத்தில் வரையுங்கள். டைம் அவுட்டுக்குப் பின் வருவதையும், கூடைக்குப் பின்னுள்ள எல்லைக்கோடான பேஸ்லைனிலிருந்து பந்து உள்ளே வரும்போது ஆடுவதையும் தனித்தனியாகச் சேர்க்க வேண்டும். நெருக்கமான ஆட்டங்கள் அங்கேதான் கைமாறுகின்றன.

அடுத்து ஆட்கள். சுழற்சியில் வரும் 8 பேருக்கும் தலா 4 முதல் 6 கிளிப். எந்தக் கையில் ஓட்டுவான், நின்று எறிபவனா ஓடி எறிபவனா, சோர்ந்தால் என்ன செய்வான் என்பது அவற்றில் தெரிய வேண்டும். வீரர்களிடம் போகும் தாளில் ஒவ்வொருவருக்கும் ஒரே வரி: "இடது கை. வலப்பக்கம் தள்ளு." அதற்கு மேல் எழுதினால் படிக்க மாட்டார்கள். மொத்தக் கிளிப் 12 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. ஆட்டத்துக்கான திட்டம் 3 குறிப்புகள். 7 குறிப்பு கொடுத்தால் முதல் டைம் அவுட்டிலேயே 5 மறந்துபோகும்.

புதியவர்கள் தவறுவது இந்த இடங்களில். பருவம் முழுவதற்குமான புள்ளிவிவரத்தை அப்படியே எடுத்து, எதிரணியின் ஆட்டத்தை வழிநடத்தும் பாயிண்ட் கார்டு காயத்தில் இருந்த 6 ஆட்டங்களும் அதில் கலந்திருப்பதைக் கவனிக்காமல் விடுவது. நம் உயரமான வீரனுக்குக் கால் வேகம் போதாது என்று தெரிந்தும், பந்து ஸ்கிரீனில் (பந்து வைத்திருப்பவனுக்கு வழிவிட அவன் சக வீரன் குறுக்கே நின்று மறிப்பது) அவனை மேலே ஏறிவந்து தடுக்கச் சொல்வது. அவன் பின்வாங்கிக் கூடையைக் காக்கவே முடியும் என்றால் திட்டம் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். மூன்றாவது, எதிரணி வேடம் போடும் நம் பயிற்சி வீரர்களுக்கு 15 ஆட்ட அமைப்புகளைக் கற்றுத்தர முயல்வது. 5 அல்லது 6 போதும். அவற்றைச் சரியான வேகத்தில் ஓடட்டும்.

நேரமும் கையில் இல்லை. பருவத்தில் வாரத்துக்கு 20 மணி, நாளுக்கு 4 மணி, வாரத்தில் ஒரு நாள் கட்டாய விடுப்பு. ஆட்ட நாள் எவ்வளவு நீண்டாலும் 3 மணி என்று கணக்கு. நீங்கள் கூட்டி உட்காரவைத்துக் காட்டும் வீடியோவும் அந்த 20இல் சேரும். பருவத்துக்கு முன்னால் 42 நாளில் 30 பயிற்சிகள்தான். ஆகவே 12 நிமிடக் கிளிப் 25 நிமிடமாகும்போது, ஷூட்டிங் பயிற்சியிலிருந்துதான் அந்த நேரம் கழிகிறது. தலைமைப் பயிற்சியாளர் அதை மறக்க மாட்டார்.

ஆட்டத்தின்போது ஸ்கவுட் யாருடையதோ அவர் தலைமைப் பயிற்சியாளரின் அருகில் உட்காருவார். எதிரணியின் சைகையைப் பார்த்ததும் வரப்போகும் ஆட்ட அமைப்பின் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். தவறாகச் சொல்வதைவிடத் தாமதமாகச் சொல்வது மோசம். வீரன் பாதி திரும்பிய நிலையில் மாட்டிக்கொள்வான்.

ஆள் சேர்ப்பு இன்னொரு முழுநேர வேலை. நான்கு ஆண்டு உயர்நிலைப் பள்ளியில் இரண்டாம் ஆண்டு முடித்த ஜூன் 15 முதல் மாணவரோடு நேரடியாகப் பேசலாம், செய்தி அனுப்பலாம். ஜூலையில் சவுத் கரோலினாவின் நார்த் அகஸ்டாவில் நடக்கும் பீச் ஜாம் போன்ற இளையோர் கிளப் போட்டிகளில் கல்லூரிச் சட்டை போட்டுக்கொண்டு காலை முதல் இரவு வரை உட்கார வேண்டும். பார்க்கலாமே தவிர அங்கே வீரரிடம் பேச அனுமதி இல்லை. எத்தனை புள்ளி எடுத்தான் என்று எல்லாரும் எழுதுவார்கள். நீங்களோ, வீரன் வெளியே எடுக்கப்பட்டதும் பெஞ்சில் எப்படி உட்காருகிறான், தடுப்பில் வாய் திறந்து பேசுகிறானா, ஆட்டம் முடிந்ததும் முதலில் யாரிடம் போகிறான் என்று பாருங்கள். அப்படி அவன் முதலில் போகும் ஆள்தான் பெரும்பாலும் முடிவெடுப்பவர்: அம்மா, மாமா, அல்லது கிளப் பயிற்சியாளர்.

2018 அக்டோபரில், கல்லூரி மாற விரும்பும் வீரர்களின் பெயர் ஏறும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. 2021இல், ஒரு முறை மாறினால் ஓராண்டு ஆடாமல் காத்திருக்கத் தேவையில்லை என்றானது; 2024இல் அந்த ஒரு முறை வரம்பும் நீங்கியது. 2021 ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூலையிலிருந்து கல்லூரியே வருவாயில் பங்கு தரலாம். அந்த ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளில் 13 உதவித்தொகை என்ற வரம்பு போய் 15 பேர் அணி என்ற வரம்பு வந்தது. வசந்த காலத்தில் ஒரு பெயர் போர்ட்டலில் ஏறினால் சில மணி நேரத்தில் வீடியோ பார்த்து, விலை கேட்டு, பதில் சொல்ல வேண்டும். அந்த ஓட்டத்தில் சொந்த வீரர்களை விட்டுவிடாதீர்கள். நம் எட்டாவது ஆளிடம் இரண்டு வாரம் பேசாமல் இருந்தால் அவரும் போர்ட்டலில் ஏறியிருப்பார்.

விதிகளில் அலட்சியம் காட்டினால் வாழ்க்கையே போகும். 2017 செப்டம்பரில் 4 துணைப் பயிற்சியாளர்கள் கூட்டாட்சி லஞ்ச வழக்கில் கைதானார்கள். சந்தேகம் வந்தால் விதிப் பிரிவு அதிகாரியிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள். வாய்மொழிப் பதில் பின்னால் உதவாது.

ஒப்பந்தம் பல இடங்களில் ஓராண்டுதான். தலைமைப் பயிற்சியாளரை நீக்கினால் துணைப் பயிற்சியாளர்களும் பெரும்பாலும் வெளியே. கையெழுத்திடும் முன் மூன்றைப் படியுங்கள்: முடியும் தேதி, வேலை போனபின் மருத்துவக் காப்பீடு எத்தனை நாள் தொடரும், புதிய வேலையின் சம்பளத்தைப் பழைய கல்லூரி தரவேண்டிய தொகையில் கழித்துக்கொள்ளும் பிரிவு இருக்கிறதா.

வேலைச் சந்தை மார்ச், ஏப்ரலில் கூடும். தேசியப் போட்டியில் கடைசி நான்கு அணிகள் மோதும் ஃபைனல் ஃபோர் நடக்கும் ஊரிலேயே பயிற்சியாளர் சங்க மாநாடும் நடப்பதால், ஓட்டல் வரவேற்பறை நிறைய வேலை தேடுபவர்கள். அங்கே விண்ணப்பத்தை நீட்டுவதால் பெரிதாக எதுவும் ஆகாது. உங்களோடு வேலை பார்த்த ஒருவர் முன்னதாகவே தொலைபேசியில் பேசியிருக்க வேண்டும். நேர்காணலில் வெள்ளைப் பலகை முன் நிற்கவைப்பார்கள்: டைம் அவுட்டுக்குப் பின் 3 ஆட்ட அமைப்பு, பந்து ஸ்கிரீனுக்கு உங்கள் தடுப்பு, இந்த வசந்தத்தில் அழைத்துவரக்கூடிய 10 வீரர்களின் பெயர். மூன்றாவதில்தான் பலர் திணறுகிறார்கள்.

வேலை கிடைத்தால், பழைய கணக்கு மூடப்படும் முன் உங்கள் சொந்த வரைபடங்களைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரிக்குச் சொந்தமான வீடியோவைத் தொடாதீர்கள். புதிய இடத்தில் முதல் வாரம் ஒவ்வொரு வீரரின் வீட்டுக்கும் ஓர் அழைப்பு. பிறகு சொற்கள்: முந்தைய அணியில் "ஐஸ்" என்ற அதே தடுப்பு முறையை இங்கே "ப்ளூ" என்பார்கள். ஒரு நோட்டில் இரண்டு பத்தியாக எழுதி, முதல் பயிற்சிக்குள் மனப்பாடம் செய்துவிடுங்கள். களத்தில் பழைய சொல் வாயில் வந்தால் 5 வீரர்களும் 5 திசையில் திரும்புவார்கள்.