மாமாவின் பிஸ்கட் டின் படங்கள்: ஏற்றுமதி நாட்குறிப்பு

15 பிப்ரவரி 2025, சனி

மாமா ஒருவழியாகச் சம்மதித்துவிட்டார். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அவர் பினாங்கில் எடுத்த படங்கள், துறைமுகம், தண்ணீர்மலைத் தைப்பூசம், குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் திருவிழா, சொந்தக்காரர் கல்யாணங்கள் எல்லாம் பிஸ்கட் டின்களில் கிடந்தன. அவர் மகன் அத்தனையையும் ஸ்கேன் செய்து ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு என் கையில் கொடுத்துவிட்டுக் கோலாலம்பூருக்குப் பஸ் ஏறிவிட்டான். இனி உன் பாடு என்று அர்த்தம்.

புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போட்டால் போதாதா என்று வீட்டில் ஒரு கட்சி. குழுவில் போட்டது நாலு நாளில் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் புதைந்துவிடும். எனக்கு வேண்டியது ஆண்டு, இடம், குறிச்சொல் வைத்துத் தேடக்கூடிய இடம். ஃபிளிக்கர்தான். 2004இல் வான்கூவரில் தொடங்கி, அடுத்த ஆண்டே யாஹூவுக்குப் போய், 2018இல் ஸ்மக்மக் நிறுவனம் வாங்கிய புகைப்படத் தளம். இத்தனை கை மாறியும் நாமே எழுதும் கணினி நிரல் வழியாகப் படம் ஏற்றும் வாசலை இன்னும் மூடவில்லை. இலவசக் கணக்கில் 1000 படம்தான், அதிலும் பொதுவில் காட்டாதவை 50க்கு மேல் கூடாது. அதனால் பணம் கட்டும் கணக்கு, மாமா பெயரில்.

16 பிப்ரவரி, ஞாயிறு

கணக்கு மாமாவுடையது, நிரல் என்னுடையது. அவர் ஆயர் ஈத்தாமில், நான் பட்டர்வொர்த்தில். கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கும் பழக்கத்தை நான் ஆதரிக்கவே மாட்டேன், நல்லவேளை இதற்கு அது தேவையும் இல்லை. நான் நிரல் எழுதும் மொழி பைதான், அதற்கென்று இருக்கும் ஃபிளிக்கர்ஏபிஐ என்ற லைப்ரரி ஒரு சுட்டியை உருவாக்கிக் கொடுக்கும், அதைப் புலனத்தில் அனுப்பினேன், மாமா தன் கணக்கில் நுழைந்து அனுமதி கொடுத்தார், திரையில் வந்த எண்ணைப் போனில் வாசித்தார். அதை இங்கே கொடுத்ததும் ஒரு டோக்கன், அதாவது அனுமதிச் சீட்டு, வந்து என் மடிக்கணினியில் உட்கார்ந்துகொண்டது. அடுத்த முறை அவரைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை.

அனுமதியில் மூன்று படி உண்டு: படிக்க மட்டும், எழுத, அழிக்க. எழுதும் அனுமதியோடு நிறுத்திக்கொண்டேன். “அப்போ உன்னால என் படத்தை அழிக்க முடியாதா?” என்றார். முடியாது மாமா என்றேன். அந்த ஒரு பதிலில் என் மேல் அவருக்கு நம்பிக்கை ஏறிவிட்டது.

19 பிப்ரவரி, புதன்

ஏற்றுவது ஒரே வரிதான். கோப்பின் பெயர், தலைப்பு, குறிச்சொற்கள், யார் பார்க்கலாம், இதைக் கொடுத்தால் படத்துக்கு ஓர் எண் திரும்பி வரும், அந்த எண்தான் பிறகு எல்லாவற்றுக்கும் பிடி. சோதனைக்கு ஏற்றிய படம் கண் மூடித் திறப்பதற்குள் போய்ச் சேர்ந்தது.

தொல்லை தமிழில் வந்தது. மாமா மகன் கோப்புகளுக்குத் தமிழில் அழகாகப் பெயர் வைத்திருக்கிறான், அதையே தலைப்பாக எடுக்கலாம். ஆனால் பெயரைச் சுத்தம் செய்யப் பலரும் எடுத்தாளும் அந்த ரெகெக்ஸ் (எழுத்துகளைத் தேடிப் பொறுக்கும் விதி) இருக்கிறதே, ‘எழுத்துகளை மட்டும் வை’ என்று சொல்வது, அது பைதானின் வழக்கமான ஆர்ஈ தொகுதியில் கொம்பு, கால், புள்ளி எதையும் எழுத்தாக ஏற்காது. ‘பினாங்கு’ உள்ளே போனால் ப, ன, ங, க என்று நான்கு துண்டாக வெளியே வரும். ரெகெக்ஸ் என்ற பெயரிலேயே தனியாக ஒரு தொகுதி இருக்கிறது, அதைப் போட்டால் ஒழுங்காக நடந்துகொள்கிறது.

அடுத்தது இன்னும் நுணுக்கம். ‘கொடி’யில் உள்ள கொ இரண்டு விதமாகப் பதிவாகலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றே ஒன்று, அல்லது எகரக் கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. கொடியேற்றப் படங்களில் பாதி ஒரு விதம், மீதி இன்னொரு விதம், தேடினால் பாதிதான் அகப்படும். கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோட் இதற்கென்றே என்எஃப்சி என்ற ஒழுங்கு வைத்திருக்கிறது, பைதானில் ஒரே வரி, இரண்டு விதமும் ஒன்றாகிவிடும். தமிழ்க் கோப்புப் பெயரைத் தொடுகிற யாரும் முதல் வரியிலேயே அதைப் போட்டுவிடுவது நல்லது.

குறிச்சொற்களுக்கு நடுவே இடைவெளிதான் பிரிப்பு, ஆகவே இரு சொல்லாக வருவதை இரட்டை மேற்கோளுக்குள் அடைக்க வேண்டும். இல்லையென்றால் ‘தைப்பூசத் தேர்’ உடைந்து, தைப்பூசம் ஓர் இடத்திலும் தேர் இன்னோர் இடத்திலும் நிற்கும்.

22 பிப்ரவரி, சனி

இன்று முழுக்கத் தேதி. ஸ்கேன் செய்த படத்தில் எடுத்த தேதி இருக்காது, இருந்தாலும் அது ஸ்கேன் செய்த தேதியாக இருக்கும். ஒன்றுமே இல்லாவிட்டால் ஃபிளிக்கர் ஏற்றிய நாளையே எடுத்த நாளாக வைத்துக்கொள்ளும். அந்தக் காலத்தில் சென்னையிலிருந்து வந்துபோன ரஜூலா கப்பல் 2025இல் பினாங்குக்கு வந்ததாகக் காட்டினால் யார் சும்மா விடுவார்கள்?

ஏற்றும்போதே எடுத்த தேதியைச் சொல்ல வழியில்லை. ஏற்றி, எண் வாங்கி, பிறகு நிரலிலிருந்து ஃபிளிக்கருக்குப் போகும் தனி அழைப்பில் மாற்ற வேண்டும். அந்த அழைப்பில் எனக்கு மிகப் பிடித்த ஒரு சங்கதி இருக்கிறது, எவ்வளவு உறுதியாகத் தெரியும் என்பதையும் ஓர் எண்ணாகச் சொல்லலாம். 0 என்றால் துல்லியம், 4 என்றால் மாதம் வரை, 6 என்றால் ஆண்டு மட்டும், 8 என்றால் ‘ஏறக்குறைய’. பழைய படத்துக்குப் பொய்யாக ஒரு ஜனவரி 1 போட்டுவிட்டு நகர்வதை விட இது எவ்வளவோ மேல்.

லிட்டில் இந்தியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மாமாவோடு உட்கார்ந்து ஒவ்வொரு படமாகக் காட்டினேன். ஆண்டு கேட்டால் அவருக்குத் தெரியாது, ஆனால் படத்தில் என்ன நிற்கிறது என்று தெரியும். கப்பல் ரஜூலா என்றால் எழுபதுகளின் தொடக்கத்துக்குள், 1926இல் கட்டிய அந்தக் கிழக் கப்பல் அதற்கு மேல் ஓடவில்லை. சிதம்பரம் கப்பல் என்றால் 1985க்குள், அந்த ஆண்டு பிப்ரவரியில் அது நடுக்கடலில் தீப்பிடித்தது, அத்தோடு பயணிகள் ஓட்டமும் நின்றது. பின்னணியில் ஜார்ஜ் டவுனின் கொம்தார் கோபுரம் அரைகுறையாக நின்றால் 1974க்கும் எண்பதுகளின் நடுவுக்கும் இடையில். பினாங்குப் பாலம் தெரிந்தால், முழுசாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், திறந்தது 1985. தண்ணீர்மலைப் படங்களில் இன்றைய 513 படிக் கோயில் இல்லை, அது 2012இல் குடமுழுக்குக் கண்டது, அதற்கு முன் எல்லாம் கீழே இருந்த பழைய கோயில். ஆக அது ஒன்றுக்கும் உதவாத அடையாளம், அவர் படம் எல்லாமே அதற்கு முந்தியதுதான்.

இரண்டு தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) ஆறிப்போயின. சொன்னதையெல்லாம் ஓர் எக்செல் தாளில் அடித்துக்கொண்டேன்: கோப்பு, ஆண்டு, உறுதி எண், காரணம். காரணத்தைப் படத்தின் விவரக் குறிப்பிலும் போடுகிறேன், நாளை யாராவது மறுக்க வேண்டுமென்றால் எதை மறுப்பது என்று தெரியட்டும்.

23 பிப்ரவரி, ஞாயிறு

அலகு குத்தியவர்கள், அருள் வந்து ஆடுகிற பெண்கள், இந்தப் படங்கள் பொதுவில் வேண்டாம் என்கிறார் மாமா. அவர்களிடம் கேட்டா எடுத்தேன் என்கிறார். படம் என்னவோ அபாரம், எனக்கு மனசே இல்லை, ஆனாலும் அவர் சொல்வதுதான் சரி. எக்செல் தாளில் இன்னொரு பத்தி: பொது, குடும்பம், யாருக்கும் இல்லை.

26 பிப்ரவரி, புதன்

இரவில் ஓடவிட்டேன். வீட்டு இணைப்பு நடுவில் அறுந்தது. இதில்தான் சிக்கல்: படம் போய்ச் சேர்ந்து, பதில் வரும் முன் கம்பி அறுந்தால், ஏறியதா இல்லையா என்று நிரலுக்குத் தெரியாது. திருப்பி அனுப்பினால் ஒரே படம் இரண்டு. இதற்காகவே ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை மாதிரியான எம்டி5 என்ற குறியீட்டைக் கணக்கிட்டு, அதை இயந்திரக் குறிச்சொல்லாக (நிரல் படிப்பதற்கான குறிச்சொல்) முதலிலேயே சேர்த்திருந்தேன். மறுபடி தொடங்கும்போது அந்தக் குறிச்சொல்லைத் தேடி, இருந்தால் தாண்டிப் போகும்.

மணிக்கு 3600 அழைப்பு என்ற ஃபிளிக்கர் வரம்பைப் பற்றிக் கவலையே படவில்லை. படத்துக்கு நாலு அழைப்பு என்றாலும் மணிக்கு 900 படம், எங்கள் வீட்டு இணைப்பு அந்த வேகத்தைக் கனவிலும் தொடாது. ஆல்பம் விஷயத்தில் மட்டும் ஒரு வேடிக்கை, காலியாக ஆல்பம் திறக்க முடியாது, முகப்புப் படம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்க வேண்டும்.

1 மார்ச், சனி

எல்லாம் ஏறிவிட்டது. மாமா மகன் கோலாலம்பூரிலிருந்து கூப்பிட்டு, அப்போ ஹார்ட் டிஸ்க்கைக் காலி பண்ணி வேறு வேலைக்கு எடுத்துக்கட்டுமா அண்ணே என்கிறான். கூடவே கூடாது என்றேன். அவன் ஸ்கேன் செய்தது தரம் குறையாத டிஃப் கோப்பு, ஃபிளிக்கர் அதைச் சுருக்கி ஜேபெக்காக மாற்றித்தான் வைத்துக்கொள்ளும், அசல் திரும்பக் கிடைக்காது. அதுவே இன்னொரு டிஸ்க்கிலும் ஒரு நகல் இருக்க வேண்டும், ஒன்று ஆயர் ஈத்தாமில், ஒன்று அவனிடம். வாங்கிக் கொடுங்கள் என்கிறான். சரி, பிராங்கின் மால் பக்கம் அடுத்த வாரம் போகும்போது பார்க்கிறேன்.