மாமியார் வீட்டுக்குப் பரிசு: பராமரிப்பு கேட்காத பொருளாகப் பாருங்கள்

ஆசையாக வாங்கித் தந்த நான்ஸ்டிக் தவா ஒரே மாதத்தில் உரிந்துவிட்டதா? மாமியார்மேல் வருத்தப்படும் முன் பொருளைப் பாருங்கள். வெறும் தவாவைப் பெரிய தீயில் விட்டால் சில நிமிடங்களில் 260 டிகிரி செல்சியஸைத் தாண்டி, பூச்சு சிதையத் தொடங்கும். பிறகு கம்பி நார் பட்டால் சுருள்சுருளாக உரியும். பல வருடக் கைப்பழக்கம் மாறாது. அடிகனமான எவர்சில்வரே கொடுங்கள். கருகினாலும் வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்துவிடலாம்.

கம்பளி ஸ்வெட்டரும் அப்படித்தான். வெந்நீரும் மெஷின் சுழற்சியும் சேர்ந்தால் இழைகளின் செதில்கள் ஒன்றோடொன்று பின்னிச் சுருங்கும், பழையபடி விரியாது. பருத்தி போதும். காய் நறுக்கும் மரப் பலகை வேண்டவே வேண்டாம். தண்ணீரில் ஊறிக் காய்ந்தால் வெடிக்கும்.

கொடுத்தபின் "அது என்ன ஆச்சு அத்தை?" என்று விசாரிக்காதீர்கள், பாவம். அடுத்ததைப் பயந்து பீரோவில் பூட்டிவிடுவார்கள்.